அழித்த பிறகும் அம்மாவின் ஐசி எண் எங்கே இருக்கிறது?

இணையச் சந்தேகம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அண்ணே, வணக்கம். என் அம்மாவுக்கு 74 வயது. வாரத்துக்கு மூன்று தடவை டயாலிசிஸ். போன மார்ச் மாதம் என் அண்ணன் மகன், பாட்டிக்கு உதவி கேட்டு மஸ்டடான் என்ற சமூக வலைத்தளத்தில் ஒரு பதிவு போட்டான். ஏமாற்றுக்காரன் என்று நினைத்துவிடுவார்களோ என்று அம்மாவின் ஐசியை, அதாவது அடையாள அட்டையை, படம் பிடித்து, பில்லோடும் போன் நம்பரோடும் போட்டுவிட்டான். நல்ல மனசுக்காரர்கள் உதவினார்கள், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஜூன் மாதத்திலிருந்து "கோர்ட்டிலிருந்து பேசுகிறோம்" என்று அம்மாவுக்குப் போன் வருகிறது. ஐசி எண்ணைக் கடைசி இலக்கம் வரை சொல்கிறார்கள். பையன் பயந்துபோய் அன்றைக்கே பதிவை அழித்துவிட்டான். ஒரு மாதம் ஆகியும் வேறு ஓர் அகப்பக்கத்தில் அது இருக்கிறது. அழித்தது எப்படி அண்ணே இருக்கும்? அம்மாவுக்குக் குடியுரிமையோடு அந்த நீல ஐசி கிடைக்க எங்கள் அப்பா எத்தனை வருஷம் அலைந்தார்! அது இப்படித் தெருவில் கிடக்கிறதே.
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: தங்கச்சி, கடிதம் வந்த மறுநாளே பையனையும் கூட்டிக்கொண்டு என் கடைக்கு வந்துவிட்டீர்கள். அதனால் உங்களுக்குப் பாதி பதில் தெரியும். மற்றவர்களுக்காக முழுவதையும் எழுதுகிறேன். இந்த மாதிரி உதவி கேட்கும் பதிவுகளை நான் அடிக்கடி பார்க்கிறேன், ஒவ்வொன்றிலும் ஓர் ஐசி இருக்கிறது.

முதலில் அந்தப் போன். ஐசி எண்ணைச் சரியாகச் சொல்லிவிட்டால் அவர்கள் அதிகாரிகள் ஆகிவிட மாட்டார்கள். அம்மாவிடம் ஒன்றே ஒன்று சொல்லி வையுங்கள்: எதுவும் பேசாமல் போனை வைத்துவிட வேண்டும். கணக்கிலிருந்து பணம் போயிருந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 997க்குக் கூப்பிடுங்கள், மோசடிப் புகாருக்கென்றே உள்ள எண் அது. அம்மா பெயரில் யாராவது கடன் வாங்கியிருக்கிறார்களா என்று நம் மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் சிசிஆர்ஐஎஸ் என்ற கடன் விவர அறிக்கையில் பார்த்துக்கொள்ளலாம். அதற்குக் கட்டணம் கிடையாது.

ஐசி விஷயத்தில் நான் இவ்வளவு பதறுவதற்குக் காரணம் உண்டு. அதன் முதல் ஆறு இலக்கம் பிறந்த தேதி. அடுத்த இரண்டு பிறந்த இடம், நம் பேராக் என்றால் 08. கடைசி இலக்கம் ஒற்றைப்படை என்றால் ஆண், இரட்டைப்படை என்றால் பெண். அட்டையின் முன்பக்கத்தில் முகமும் வீட்டு முகவரியும் சேர்ந்தே இருக்கின்றன. பேங்க் கார்டு தொலைந்தால் வேறு எண்ணில் புதுக் கார்டு தருவார்கள். ஐசி தொலைந்தால் புது அட்டை வரும், எண் அதேதான்.

இப்போது உங்கள் கேள்வி. அழித்தது எப்படி இருக்கும்?

முகநூலில் போட்டது ஒரு கம்பெனியின் கணினிகளில் இருக்கிறது. அழி என்றால் அந்த ஒரு கம்பெனி அழித்தால் போதும். மஸ்டடான் அப்படி இல்லை. 2016இல் ஜெர்மனியில் ஓய்கன் ரோஷ்கோ என்ற இளைஞர் தொடங்கியது. யார் வேண்டுமானாலும் ஒரு சர்வர், அதாவது பதிவுகளை வைத்திருக்கும் கணினி, நடத்தலாம். சர்வரோடு சர்வர் பேசிக்கொள்வதற்கு ஆக்டிவிட்டிபப் என்று ஒரு பொது மொழி. வலைக்கான தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி 2018 ஜனவரியில் அதை ஏற்றுக்கொண்டது. பையன் ஒரு பதிவு போட்டால் அவனைப் பின்தொடர்கிறவர்கள் எந்தெந்த சர்வரில் இருக்கிறார்களோ, அந்தந்த சர்வருக்கு ஒரு பிரதி போகிறது. அவர்கள் பகிர்ந்தால் இன்னும் பல சர்வர்களுக்குப் போகிறது.

எங்கள் தோட்டத்துப் பெரட்டு, வேலைக்குப் போகும் முன் ஆட்களைக் கூட்டிப் பெயர் கூப்பிடுவது, எனக்கு நினைவுக்கு வருகிறது. விடியற்காலையில் பெரட்டுக் களத்தில் வேலையை மேற்பார்க்கும் மண்டோர் ஒரு செய்தி சொல்வார். பால்மரம் வெட்டப் போகிறவர்கள் அதைக் காட்டுக்குக் கொண்டு போவார்கள், அங்கிருந்து லயத்து வீடுகளுக்கு வரும், சாயங்காலம் பட்டணத்துக் கடை வரைக்கும் போய்விடும். மறுநாள் அதே மண்டோர் "நேற்றுச் சொன்னதை விட்டுவிடுங்கள்" என்றால்? நின்று கேட்டவர்கள் விட்டுவிடுவார்கள். அன்றைக்கு எம்சி (மருத்துவ விடுப்பு) போட்டுப் படுத்திருந்தவருக்கு அது தெரியாது. இடையில் வேறு தோட்டத்துக்கு மாறிப் போனவருக்கும் தெரியாது. நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்துக்கொண்டவர் கேட்டாலும் அழிக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

பையன் அழி என்று அழுத்தியபோது நடந்ததும் இதுதான். அவனுடைய சர்வர் மற்ற சர்வர்களுக்கு ஒரு செய்தி அனுப்பியது: "இந்தப் பதிவை எடுத்துவிடுங்கள்." பெரும்பாலானவை எடுத்துவிட்டன. அழித்த பதிவு இருந்த இடத்தில் வைக்கும் அடையாளத்துக்கு ஆக்டிவிட்டிபப் தரத்தில் கல்லறைக் கல் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். எடுக்காத சர்வரைப் போய்ப் பிடிப்பதற்கு யாருக்கும் அதிகாரம் இல்லை.

கடையில் நாங்கள் பார்த்ததைச் சொல்கிறேன். பையன் அவசரத்தில் அழித்ததால் பதிவின் முகவரியைக் குறித்து வைக்கவில்லை. பில் தொகையையும் அவன் எழுதிய ஒரு வாசகத்தையும் வைத்துத் தேடினோம். மூன்று இடங்களில் கிடைத்தது. முதலாவதில் ஐசி படம் இல்லை. படம் இருந்த சதுரத்தில் வெளிர்நீலமும் சாம்பலுமாக ஒரு மங்கல் படலம், ஓரத்தில் கொஞ்சம் பழுப்பு. படம் வந்து சேரும்வரை காட்டுவதற்காக அதன் நிறங்களை இருபது முப்பது எழுத்தில் சுருக்கி அனுப்புகிறார்கள். படம் போய்விட்டது, அந்தச் சுருக்கம் மட்டும் நிற்கிறது. அந்தப் பழுப்பு உங்கள் அம்மாவின் முகம்.

படம் இல்லையே என்று நீங்கள் பெருமூச்சு விட்டீர்கள். அப்போதுதான் பையன் தலையைக் குனிந்துகொண்டான். கண் தெரியாதவர்களுக்காகப் படத்தை எழுத்தில் விளக்குவது மஸ்டடானில் நல்ல பழக்கம், அங்கே பலரும் அதை வலியுறுத்துவார்கள். பையன் பொறுப்பாக அதைச் செய்திருக்கிறான். "பாட்டியின் அடையாள அட்டை" என்று தொடங்கி, பெயர், முகவரி, பன்னிரண்டு இலக்கம் எல்லாவற்றையும் தட்டச்சு செய்திருக்கிறான். மற்ற சர்வர்களிலிருந்து வந்த படங்களைப் பல சர்வர்கள் இடம் மிச்சப்படுத்துவதற்காகச் சில நாட்களில் தூக்கிவிடும். எழுத்தைத் தூக்குவதில்லை. அந்த மங்கலுக்குப் பின்னால் எண் முழுசாக இருந்தது. படத்தைவிட எழுத்தில்தான் தேடுவதும் சுலபம்.

தம்பி, இதைப் படித்தால் வருத்தப்படாதே. கண் தெரியாதவர்களை நினைத்துப் பார்த்த பிள்ளை நீ. அந்த விளக்கத்தில் "ஐசி படம், எண் மறைக்கப்பட்டது" என்று எழுதியிருந்தால் போதும்.

சரி, அந்த மூன்று இடங்கள் ஏன் அழிக்கவில்லை? ஒரு சர்வர் ஜூனில் பழுதாகி நின்றிருக்கிறது. அழிக்கச் சொன்ன செய்தி வந்தபோது வாங்க ஆளில்லை. அனுப்பிய சர்வர் திரும்பத் திரும்ப முயன்று பார்த்துவிட்டு நிறுத்திவிடும். இரண்டாவது சர்வர் இடையில் பையனுடைய சர்வரோடு உறவை முறித்துக்கொண்டது. அங்கிருந்து எது வந்தாலும் வாசலிலேயே திருப்பி அனுப்பும், அழிக்கச் சொல்லும் செய்தி உட்பட. சண்டை சர்வர்களுக்குள், மாட்டிக்கொண்டது உங்கள் அம்மா. மூன்றாவது மஸ்டடான் சர்வரே இல்லை. பொதுப் பதிவுகளை மொத்தமாக அள்ளி வைக்கும் ஓர் அகப்பக்கம்.

இப்படி அள்ளுவது அபூர்வம் என்று நினைக்காதீர்கள். 2024 நவம்பரில் புளூஸ்கை என்ற இன்னொரு சமூக வலைத்தளத்தின் பொதுப் பதிவுகள் பத்து லட்சத்தை ஒருவர் திரட்டி, செயற்கை நுண்ணறிவு ஆய்வுக்கென்று ஹக்கிங் ஃபேஸ் தளத்தில் வைத்தார். எதிர்ப்பு வந்ததும் எடுத்துவிட்டார். அதற்குப் பிறகு வேறு சிலர் அதைவிடப் பெரிய திரட்டுகளைக் கொண்டுவந்து வைத்தார்கள். திறந்த வலையில் பதிவுகள் ஆற்றுத் தண்ணீர் மாதிரி ஓடுகின்றன, குடம் வைத்திருக்கிற யாரும் மொண்டுகொள்ளலாம்.

நாங்கள் செய்தது இது. முதல் இரண்டு சர்வர்களின் நிர்வாகிகளுக்கும் ஆங்கிலத்தில் நான்கு வரிக் கடிதம் அனுப்பினோம். பதிவின் முழு முகவரி, அதில் ஒரு நோயாளியின் அரசாங்க அடையாள எண் இருக்கிறது, எழுதியவரே எடுக்கச் சொல்கிறார், மோசடிக்காரர்கள் அந்த எண்ணை ஏற்கெனவே பயன்படுத்துகிறார்கள். இவ்வளவுதான். எண்ணை மட்டும் கடிதத்தில் எழுதக்கூடாது. எழுதினால் அது இன்னொரு பிரதி. பையன் தன்னுடைய மஸ்டடான் கணக்கிலிருந்தே அனுப்பியதால் எழுதியவன் அவன்தான் என்பதற்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை. அதனால்தான் சொல்கிறேன்: பதறிப்போய்க் கணக்கையே மூடிவிடாதீர்கள். பிரதிகள் போன பிறகு மூடலாம். அதே மாதிரி, அழிப்பதற்கு முன்னால் பதிவின் முகவரியைக் குறித்துக்கொண்டு, யார் யார் பகிர்ந்தார்கள் என்பதைப் படம் எடுத்து வையுங்கள். பிறகு தேட அதுதான் சுலபமான வழி.

அழிப்பதற்குப் பதிலாகத் திருத்தலாமே என்று பலர் நினைக்கிறார்கள். 2022இல் மஸ்டடானில் திருத்தும் வசதி வந்தபோது பழைய வடிவத்தைப் பார்க்கும் வசதியும் கூடவே வந்தது. எண்ணைத் திருத்தி எடுத்தால், திருத்துவதற்கு முந்தியது அடுத்த சொடுக்கில் இருக்கும்.

பழுதாகி நின்ற சர்வரின் நிர்வாகி மறுநாளே அழித்துவிட்டு மன்னிப்பும் கேட்டார். உறவை முறித்த சர்வரின் நிர்வாகிக்கு ஒன்பது நாள் ஆனது, ஆனாலும் எடுத்தார். மூன்றாவதிலிருந்து பதில் இல்லை. அங்கே இன்னும் இருக்கிறது, தங்கச்சி. கூகுளில் அந்தப் பக்கம் வராமல் இருக்க விண்ணப்பம் போட்டிருக்கிறோம். அரசாங்க அடையாள எண், பேங்க் கணக்கு எண் இருக்கிற பக்கங்களைத் தேடல் முடிவிலிருந்து எடுக்கச் சொன்னால் கூகுள் பரிசீலிக்கும். பக்கம் அங்கேயே கிடக்கும், ஆனால் அதற்குப் போகும் சடக்கு அடைபடும்.

சட்டம் உதவாதா என்று கேட்டீர்கள். நம் நாட்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010இல் வந்தது, 2013 நவம்பரில் அமலுக்கு வந்தது. அது வணிக நடவடிக்கையில் சேரும் தரவுகளுக்குத்தான். வெளிநாட்டில் ஒருவர் தன் வீட்டு அறையில் காசு வாங்காமல் நடத்தும் சர்வர் அதில் சிக்காது. ஐரோப்பாவின் ஜிடிபிஆர் என்ற தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 17ஆம் பிரிவு, அழிக்கச் சொல்லும் உரிமையைத் தருகிறது. சர்வர் ஐரோப்பாவில் இருந்தால் கடிதத்தில் அதைக் குறிப்பிடுங்கள், அங்குள்ள நிர்வாகிகள் மதிப்பார்கள். என் அனுபவத்தில் சட்டப் பிரிவைவிட "டயாலிசிஸ் நோயாளி" என்ற வார்த்தைதான் சீக்கிரம் வேலை செய்தது.

இதையெல்லாம் எனக்குக் கற்றுக்கொடுத்தது என்னுடைய தவறு. 2022 அக்டோபர் கடைசியில் டுவிட்டர் கைமாறி, நவம்பரில் எல்லாரும் வேறு இடம் தேடியபோது, எங்கள் தோட்டத் தமிழ்ப்பள்ளியின் பழைய மாணவர்களுக்காக நானே ஒரு சிறு சர்வர் தொடங்கினேன். தோட்டம் வீடமைப்புப் பகுதியாகி, லயங்கள் இடிந்து, ஆட்கள் ஜொகூர் வரைக்கும் சிதறிவிட்டார்கள். வகுப்புப் படங்கள், கல்யாணச் செய்தி, துக்கச் செய்தி எல்லாம் அதில்தான். ஒரு பெண் தன் வீட்டில் பட்ட அடியைப் பற்றி ஓர் இரவு எழுதினாள். பிறகு 2024 தொடக்கத்தில் வாடகைக் கணினியின் வட்டு போய்விட்டது. நான் வைத்திருந்த நகலும் அதே வட்டில். அழிக்கச் சொல்லும் செய்தியில் அந்த சர்வரில் உள்ள சாவியால் போட்ட கையெழுத்து இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மற்ற சர்வர்கள் நம்பாது. நம்பவும் கூடாது, இல்லையென்றால் யார் வேண்டுமானாலும் யாருடைய பதிவையும் அழித்துவிடலாம். அந்தச் சாவியும் வட்டோடு போய்விட்டது. மூடுவதற்கு முன்னால் எல்லாப் பதிவையும் அழிக்கச் சொல்லி அனுப்பிவிட்டு மூடுவதற்கு மஸ்டடானில் ஒரு கட்டளையே இருக்கிறது. அதைப் பயன்படுத்த எனக்கு நேரம் கிடைக்கவில்லை.

ஆறு மாதம் கழித்து அந்தப் பெண் கூப்பிட்டாள். வழக்கு நடக்கிறது, அந்த இரவு எழுதியதை எடுத்துவிடுங்கள் அண்ணே என்றாள். என் சர்வரில் எதுவும் இல்லை, சர்வரே இல்லை. ஆனால் அதன் பிரதிகள் நான் பார்த்திராத ஊர்களில் இருந்தன. ஒவ்வொரு நிர்வாகிக்கும் தனித்தனியாக எழுதினேன். தன்னிடம் உள்ள பிரதியை அவரவர்தான் எடுக்க முடியும். பதினோரு பேர் எடுத்தார்கள். ஒருவர் எடுக்கவில்லை. இன்றைக்கும் மாதம் ஒரு தடவை அவருக்கு எழுதுகிறேன்.

தங்கச்சி, பையன் கணக்கை அப்படியே வைத்திருக்கட்டும். மூன்றாவது இடத்துக்கு நானும் தொடர்ந்து எழுதுகிறேன். அம்மாவின் போன் நம்பரை மாற்றிவிடுங்கள், அது ஒன்றுதான் நம் கையில் மாற்றக்கூடியது.

கேள்வி: தொண்ணூறுகளில் கோலாலம்பூரில் படித்தபோது யூஸ்நெட் என்ற பழைய இணைய விவாத அரங்கில் சோக்.கல்ச்சர்.தமிழ் குழுவில் நிறைய எழுதினேன். ஒரு புதுக்கவிதைச் சண்டையில் கொஞ்சம் அதிகமாகவே பேசிவிட்டேன். பேரப்பிள்ளைகள் தேடிக் கண்டுபிடித்துவிட்டார்கள். எடுக்க முடியுமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், பாகாவ்

பதில்: ஐயா, யூஸ்நெட்டும் மஸ்டடான் மாதிரிதான், முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் மூத்தது. அதிலும் பதிவு சர்வரிலிருந்து சர்வருக்குப் போகும். அதிலும் கேன்சல் என்று ஒரு செய்தி உண்டு. ஆனால் அதை யார் வேண்டுமானாலும் போலியாக அனுப்ப முடிந்தது. பிடிக்காதவர்களின் பதிவை அழிக்கச் சிலர் அதைப் பயன்படுத்தினார்கள், அதனால் பல சர்வர்கள் கேன்சல் செய்தியைக் கண்டுகொள்வதையே விட்டுவிட்டன. பிறகு 1995இல் டெஜா நியூஸ் என்ற கம்பெனி எல்லாவற்றையும் சேர்க்கத் தொடங்கியது. 2001இல் அந்தச் சேமிப்பைக் கூகுள் வாங்கியது. வட்டில் பிரதி எடுத்து வைத்திருக்கும் தனிநபர்களும் உண்டு.

நீங்கள் எழுதியதைத் தேடிப் படித்தேன். அதில் யாருடைய எண்ணும் முகவரியும் இல்லை. ஒரு கவிதையை நேசித்து அதற்காகக் கோபப்பட்ட ஓர் இளைஞர் இருக்கிறார். பேரப்பிள்ளைகள் படிக்கட்டும், ஐயா.

கேள்வி: எங்கள் தோட்டத்தை விற்றுவிட்டார்கள். கோயிலை இடம் மாற்றச் சொல்கிறார்கள். பழைய ரசீதுகள், நிர்வாகத்தின் கடிதங்கள், நன்கொடைப் பட்டியல் எல்லாம் ஒரு பெட்டியில் இருக்கின்றன. ஐபிஎஃப்எஸ்ஸிலோ பிளாக்செயினிலோ போட்டால் யாராலும் அழிக்க முடியாது என்கிறான் நண்பன். போடலாமா?
– கோயில் நிர்வாகக் குழு இளைஞர், தெலுக் இந்தான்

பதில்: தம்பி, நண்பர் சொன்னதில் பாதிதான் உண்மை. ஐபிஎஃப்எஸ் என்பது பலருடைய கணினிகளில் கோப்புகளை வைத்துப் பகிரும் ஒரு முறை. அதில் ஒரு கோப்பின் முகவரி அதன் உள்ளடக்கத்திலிருந்தே கணக்கிடப்படுகிறது. ஒரு புள்ளியை மாற்றினாலும் முகவரி மாறிவிடும். அதனால் "இந்தக் கடிதத்தை நாங்கள் பிறகு திருத்தவில்லை" என்று காட்ட அது நல்லது. ஆனால் யாராவது ஒருவர் தன் கணினியில் அதைப் பிடித்து வைத்திருந்தால்தான் அது கிடைக்கும். பின் செய்வது என்பார்கள். எல்லாரும் விட்டுவிட்டால் காணாமல் போய்விடும். மாறாக, நீங்கள் விட்டுவிட்ட பிறகும் முகம் தெரியாத ஒருவர் பிடித்து வைத்திருந்தால் எடுக்க முடியாது. உங்களுக்கு வேண்டியது அழியலாம், வேண்டாதது நிலைக்கலாம்.

பிளாக்செயின் என்பது பல கணினிகள் சேர்ந்து பிரதி வைத்திருக்கும் ஒரு பதிவேடு. பொதுப் பிளாக்செயினில் ஏறியது பின்னால் எடுக்கும்படி கட்டப்பட்டதே இல்லை. ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு வாரியம் 2025 ஏப்ரலில் இதற்கென்றே வழிகாட்டி வெளியிட்டது. தனிநபர் விவரங்களை அதில் வைப்பதைத் தவிர்க்கச் சொல்கிறது. உங்கள் நன்கொடைப் பட்டியலில் பெயருக்குப் பக்கத்தில் ஐசி எண் இருக்கும், பழைய பட்டியல்களில் நான் பார்த்திருக்கிறேன். குடியுரிமை இல்லாமல் சிவப்பு ஐசியோடு இருந்தவர் யார் என்பதும் அதில் தெரியும். ஐந்து வெள்ளி கொடுத்த ஒரு பாட்டியின் விவரத்தை உலகம் முழுக்க ஏற்றுவதற்கு அவரிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். மூலப் பத்திரங்களை முழுசாக ஸ்கேன் செய்து இரண்டு வட்டுகளில் போட்டு, ஒன்றைக் கோயில் தலைவர் வீட்டிலும் மற்றதை உங்கள் வக்கீலிடமும் வையுங்கள். வெளியில் வைக்க வேண்டியது நிர்வாகத்தின் கடிதங்களும் நிலம் பற்றிய ரசீதுகளும் மட்டும். அவற்றிலும் ஐசி எண்ணையும் கையெழுத்தையும் மறைக்க வேண்டும். போனில் உள்ள பேனாவால் கறுப்பு தீட்டாதீர்கள், சில பேனாக்களின் கறுப்பு முழுசாக மறைப்பதில்லை, வெளிச்சத்தைக் கூட்டினால் எழுத்து தெரிந்துவிடும். தாளின் மேல் தடித்த அட்டைத் துண்டை வைத்து, அதன் பிறகு படம் எடுங்கள்.

ஐபிஎஃப்எஸ்ஸில் பிடித்து வைக்க ஒரே கம்பெனியை நம்பாமல் மூன்று வீடு வேண்டும். உங்கள் ஊரில் ஒன்று, வெளியூரில் இருக்கும் தோட்டத்துப் பிள்ளைகள் யாரிடமாவது ஒன்று. மூன்றாவது என் கடைக் கணினியாக இருக்கட்டும். ஏற்றுவதற்கு முன்னால் மறைத்த படங்களை ஒரு தடவை எனக்குக் காட்டுங்கள், உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்துவிடுவோம்.